நோயாளி வராத துறைக்கு ஒரு தலைவர்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்று அறுவைச் சிகிச்சைத் துறைக்குத் தலைவரைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. கை எப்படி, எத்தனை ஆண்டு அனுபவம், கூட நின்று வேலைசெய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். அதே வளாகத்தில், பெரும்பாலும் மாடியேறி மூலை திரும்பினால், இன்னொரு துறை இருக்கும். அங்கே கட்டில் கிடையாது. நோயாளி அங்கே வருவதில்லை. ஊரில் எந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது, யாருக்கு அதிகம் வருகிறது, ஏன் வருகிறது, எதைச் செய்தால் குறையும் என்று ஆண்டுக்கணக்காக எண்ணிக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலை. மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய் ஆய்வு என்பார்கள். இந்தத் துறைக்குத் தலைவர் தேவை என்று வரும் விளம்பரங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. முனைவர் பட்டம் அல்லது எம்.டி., உயர்ந்த ஆய்விதழ்களில் கட்டுரைகள், வெளியிலிருந்து நிதி கொண்டுவந்த அனுபவம், தொலைநோக்கு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்தத் துறையைத் தாங்கி நிற்பது எது, அது எப்போது சரியும் என்பதை அந்த வரிகளிலிருந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

இங்கே விதைத்தது விளைய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். இன்று ஐம்பது வயதில் பதவி ஏற்பவர் தொடங்கும் ஆய்வின் முடிவை, அவர் ஓய்வுபெற்ற பிறகு வேறொருவர்தான் எழுதுவார். தன் பெயர் பின்னால் போய்விடும் வேலையை முழு மனதோடு தொடங்கக்கூடிய ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அரை மணி நேர நேர்காணலில் இது தெரியாது. அதனால்தான், இந்தத் துறையில் நிகழ்ந்த மிகச் சரியான ஒரு தேர்வைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. அது 1948-ஆம் ஆண்டு, லண்டனில் நடந்தது.

போர் முடிந்த பிரிட்டனில் ஒரு கணக்கு எல்லோரையும் உறுத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 1922-இல் 612 பேர். 1947-இல் 9,287 பேர். எக்ஸ்ரே வந்துவிட்டதால் முன்பு தெரியாமல் போனது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான் என்றார்கள் சிலர். நோயே கூடிவிட்டது என்றார்கள் வேறு சிலர். மருத்துவ ஆய்வுக் கழகம் இதைப் புள்ளியியல் வல்லுநர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லிடம் கொண்டுபோனது. ஹில் மருத்துவர் அல்ல. முதல் உலகப் போரில் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தபோது காசநோய் பற்றியது. மருத்துவம் படிக்கும் ஆசை அத்தோடு போயிற்று. நோய்ப் படுக்கையிலிருந்து எழும் காலத்தில் தபால்வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். அவரைச் சாய்த்த அதே காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பலிக்கிறதா என்று சோதித்த ஆய்வை வடிவமைத்தவரும் பிறகு அவர்தான். மருத்துவர்கள் சொல்வதை மரியாதையோடு கேட்டு, ஆதாரம் எங்கே என்று அதே மரியாதையோடு கேட்கத் தெரிந்தவர்.

நுரையீரல் ஆய்வுக்கு ஹில்லுக்கு ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்தது 35 வயது ரிச்சர்ட் டாலை. டால் புற்றுநோய் நிபுணர் அல்ல. நுரையீரலிலும் பெயர் வாங்கியவர் அல்ல. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் வேறு. அதுவரை அவர் செய்துகொண்டிருந்தது வயிற்றுப்புண் ஆய்வு: எந்தத் தொழில் செய்பவர்களுக்கு வயிற்றுப்புண் அதிகம் வருகிறது என்று வேலைத்தலங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஹில் நடத்திய மருத்துவப் புள்ளியியல் வகுப்பிலும் போய் உட்கார்ந்திருந்தார். ஹில்லிடம் விண்ணப்பக் கட்டு எதுவும் இல்லை. ஒருவர் விடை தெரியாத கேள்வியோடு பொறுமையாக எப்படி நடமாடுகிறார் என்பதை நேரில் பார்த்திருந்தார். இந்தத் துறைக்கு அதைவிடச் சிறந்த தேர்வுமுறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆய்வு தொடங்கியபோது டாலுக்கு ஓர் ஊகம் இருந்தது. சாலைகளுக்குத் தார் போடுவதும் மோட்டார் வண்டிப் புகையும்தான் காரணமாக இருக்கும் என்றே நினைத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். சிகரெட் கேள்விகளும் பட்டியலில் இருந்தன. அவரும் அப்போது புகைபிடிப்பவர். லண்டனில் 20 மருத்துவமனைகளிலிருந்து நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் பற்றித் தகவல் வரும். சமூகப் பணியாளர்களான பெண்கள் நால்வர் அங்கே போய், கட்டிலருகே உட்கார்ந்து கேட்பார்கள். எப்போது புகைக்கத் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, இடையில் விட்டதுண்டா, எந்தத் தெருவில் வாழ்ந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள். பிறகு அதே மருத்துவமனையில், அதே வயதை ஒட்டிய, வேறு நோயோடு படுத்திருக்கும் இன்னொருவரிடம் போய் அதே கேள்விகள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கேட்பவருக்கு எதிரில் இருப்பவரின் நோய் தெரியும். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், கேள்வியைச் சற்று அழுத்திக் கேட்கலாம். பத்து என்று சொன்னதைப் பதினைந்து என்று காதில் வாங்கிக்கொள்ளலாம். நோயாளியும் அப்படியே கூட்டிச் சொல்லலாம். இதை டாலும் ஹில்லும் எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதை நான் எத்தனை முறை வாசித்தாலும் மனம் நிறைகிறது. சிலருக்கு முதலில் நுரையீரல் புற்றுநோய் என்று எழுதப்பட்டு, பேட்டியும் முடிந்து, பிறகுதான் அது வேறு நோய் என்று தெரிந்திருந்தது. பேட்டி நடந்த அன்று நோயாளிக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. பாரபட்சம் இருந்திருந்தால் இவர்களின் கணக்கும் புற்றுநோய்க்காரர்களின் கணக்கைப் போலத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்களின் புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. தவறாகப் போன நோய்க்கணிப்புகளை வேறொருவர் குப்பையில் ஒதுக்கியிருப்பார். இவர்கள் அதையே சாட்சியாக்கினார்கள்.

நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த அதே எண்ணிக்கை ஆண்களில் 27 பேர். டாலின் தார் ஊகம் அங்கேயே முடிந்தது. ஆய்வு முடியும் முன்பே சிகரெட்டை விட்டார். முடிவு கையில் இருந்தும் உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயம், லண்டனுக்கு வெளியிலும் இப்படித்தானா என்று பார்த்துவிடுங்கள் என்றார் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் செயலாளர் ஹிம்ஸ்வொர்த். வேறு ஊர்களுக்கும் ஆட்கள் போனார்கள். அதற்குள் 1950 மே மாதம் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே வெளியிட்டுவிட்டார்கள். டால், ஹில் கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது செப்டம்பர் 30. முந்திக்கொள்வதற்கும் உறுதி செய்துகொள்வதற்கும் நடுவில் நிற்க வேண்டிவந்தபோது அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். இன்றைய தேர்வுக் குழு எதிரே இதை ஒரு தகுதியாகச் சொன்னால் மதிப்பெண் எத்தனை போடுவார்கள்?

அடுத்தது அதைவிடப் பொறுமையான வேலை. நோயாளிகளிடம் கடந்த காலத்தைக் கேட்பதை விட்டு, நலமாக இருப்பவர்களிடம் இன்றைய பழக்கத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. பிரிட்டிஷ் மருத்துவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள், இறந்தால் தெரிந்துவிடும். 1951 அக்டோபர் கடைசி நாளில் ஏறத்தாழ 60,000 பேருக்குக் கடிதம் போனது. பதில் எழுத ஐந்து நிமிடம் கூட ஆகாத சிறு படிவம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பதில் வந்தது. 1954-இல் வெளியான முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 36தான். அவ்வளவு சிறிய எண்ணை வைத்துக்கொண்டு பேசத் தைரியம் வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாமல் நிற்கக் கட்டுப்பாடும் வேண்டும்.

அந்தப் பட்டியல் அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. முகவரி மாறியவர்கள், வெளிநாடு போனவர்கள், பதில் போடாதவர்கள் என்று ஒவ்வொருவரையும் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள் அலுவலகப் பணியாளர்கள். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. 1961-இல் ஹில் விலக, டால் பொறுப்பேற்றார். 1969-இல் டால் ஆக்ஸ்போர்டுக்குப் போனபோது ரிச்சர்ட் பீட்டோவைக் கூடவே அழைத்துப்போனார். பீட்டோவும் மருத்துவர் அல்ல. இருபதுகளில் இருந்த புள்ளியியலாளர். முதல் அறிக்கை வந்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2004 ஜூன் 26 அன்று, 34,439 ஆண் மருத்துவர்களின் கதை முடிவுரை கண்டது. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50-இல் விட்டவர்களுக்கு ஆறு, 40-இல் ஒன்பது, 30-இல் ஏறக்குறைய முழுப் பத்தும். அதில் கையெழுத்திட்டபோது டாலுக்கு 91 வயது. ஹில் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று எந்த ஊர் மருத்துவரும் நோயாளியிடம் இப்போது விட்டாலும் பலன் உண்டு என்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று தலைமுறை கைமாற்றிப் பாதுகாத்த ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

டாலைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மான்சாண்டோ என்ற ரசாயன நிறுவனத்திடமிருந்து அவர் பல ஆண்டுகள் ஆலோசனைக் கட்டணம் பெற்றிருந்தது, அவர் இறந்த மறுவருடம், 2006-இல், செய்தித்தாள்களில் வந்தது. அவருடைய நண்பர்கள் அவருக்காக வாதாடினார்கள். அந்தக் காலத்தில் அதை அறிவிக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் ரசாயனங்கள் புற்றுநோய் உண்டாக்குமா என்பதில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர், அந்த ரசாயனங்களைச் செய்பவரிடம் பணம் வாங்குகிறார் என்பதை ஊர் அறிந்திருக்க வேண்டும். அவர் ஆய்வின் தூய்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வருத்தம் இருக்கிறது. எண்ணிச் சொல்பவர்மேல் உள்ள நம்பிக்கைதான் இந்தத் துறையின் ஒரே மூலதனம்.

தலைமைக்கு யார் வருகிறார் என்பது, யாரை எண்ணுவார்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. டாலின் மருத்துவர் ஆய்வு அடிப்படையில் ஆண்களின் கதை. அவர் நடத்திய ஆக்ஸ்போர்டு புற்றுநோய் நோய்ப்பரவியல் பிரிவுக்கு 1980களின் இறுதியில் தலைவராக வந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வலரி பெரல். மார்பகப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு அழைப்புக் கடிதத்தோடு ஒரு கேள்வித்தாளையும் சேர்த்து அனுப்பலாம் என்ற எளிய வழியில், 1996-க்கும் 2001-க்கும் இடையில் பதின்மூன்று லட்சம் பெண்களைத் தன் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரை மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2003-இல் அங்கிருந்துதான் தெளிவாகச் சொன்னார்கள். புகைக்கும் பெண்களும் குறைந்தது பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்ற முடிவு 2012-இல் வந்தது. அதை அதற்கு முன் யாரும் கண்டிருக்கவும் முடியாது. இளம் வயதிலிருந்து வாழ்நாள் முழுதும் புகைத்த பெண்களின் முதல் பெரிய தலைமுறை பிரிட்டனில் அப்போதுதான் முதுமைக்கு வந்திருந்தது. காத்திருந்து எண்ண ஆள் இருந்ததால் விடை கிடைத்தது.

இந்த வம்சாவளியின் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்தது. 1982 முதல் சென்னையில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு இயங்கிவருகிறது, அடையாறு புற்றுநோய் நிலையத்தில். 1980களில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது, பின்னர் அது படிப்படியாக இறங்க மார்பகப் புற்றுநோய் மேலே வந்தது என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது இந்தப் பதிவேடு கொடுத்த செய்தி. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர் வேந்தன் கஜலட்சுமி. அவரும் பீட்டோவும், நம் நாட்டின் முன்னோடிப் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் டி.எஸ். கனகாவும், நோய்ப்பரவியலாளர் பிரபாத் ஜாவும் சேர்ந்து 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் நோயால் இறந்த ஆண்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, மனைவியிடமோ மகனிடமோ கேட்டார்கள்: எப்படி இறந்தார், கடைசி மாதங்களில் இருமல் இருந்ததா, உடம்பு மெலிந்ததா, பீடி குடிப்பாரா, எத்தனை வயதிலிருந்து. சென்னையில் 27,000 மரணங்கள், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் 16,000. ஒப்பிட 35,000 உயிரோடிருக்கும் ஆண்கள்.

புற்றுநோய்ப் பதிவேட்டில் பழகியவர்கள் புகையைப் பற்றிக் கேட்கப் போனார்கள். கிடைத்த பெரிய விடை காசநோய். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் விகிதம் புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் பீடியும் சிகரெட்டும் பொறுப்பு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். துறையின் பெயர்ப்பலகையில் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறது, காசநோய் நம் வேலை இல்லை என்று சொல்லியிருந்தால்? டால் தன் தார் ஊகத்தை விட்டதும் இவர்கள் பலகையைத் தாண்டிப் போனதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள் என்று நினைக்கிறேன். பட்டியல் எங்கே அழைக்கிறதோ அங்கே போகும் குணம்.

பட்டியல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அது எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நம் நாட்டுப் பதிவேடுகளுக்குத் தகவல் தானாக வந்து விழுவதில்லை. பணியாளர் ஒருவர் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் போய், ரெக்கார்டு ரூமில் கேஸ் ஷீட்டுகளைப் பிரித்து உட்கார வேண்டும். பயாப்சி ரிப்போர்ட் ஒரு கட்டில், ஓ.பி. சீட்டு இன்னொரு கட்டில். பாக்கியம், கணவர் பெயர் முனுசாமி, வயது 52, வியாசர்பாடி என்று அரசு மருத்துவமனையில் இருக்கும் பெண், சில மாதம் கழித்துத் தனியார் மருத்துவமனையில் பாக்கியலட்சுமி, வயது 48, பெரம்பூர் என்று இருப்பார். இருவரும் ஒருவரா? ஒருவர் என்றால் ஒருமுறைதான் எண்ண வேண்டும். வேலூர்ப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் சென்னையில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார். அவரைச் சென்னைக் கணக்கில் சேர்த்தால் சென்னையில் நோய் கூடியதுபோலத் தெரியும். இறந்தவர்களை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அங்கே மரணக் காரணம் பல சமயம் மாரடைப்பு என்று மட்டும் எழுதியிருக்கும். சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். துக்க வீட்டில் என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு இதைச் செய்த ஒருவருக்குத் தெருவின் பெயரைப் பார்த்ததும் முகவரி உண்மையா என்று சொல்லத் தெரியும். அந்த அறிவு எந்தக் கணினியிலும் ஏற்றப்படவில்லை.

நமது ஆய்வுத் திட்டங்களில் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். பதினொரு மாதம் முடிந்தால் ஒரு நாள் இடைவெளி, பிறகு மறுபடி ஒப்பந்தம். நிதி தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். தெருவின் பெயரைத் தெரிந்துவைத்திருந்தவர் ஒரு நாள் மருந்துக் கம்பெனியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ சேர்ந்துவிடுவார். அவரோடு பதிவேட்டின் ஒரு பகுதியும் போய்விடும். ஆண்டறிக்கையில் அது தெரியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து, ஒரு பேட்டையில் நோய் சட்டென்று குறைந்ததுபோல வரைபடம் கீழே இறங்கும்போதுதான் தெரியும், அதுவும் கவனிப்பவர் இருந்தால்.

ஆகவே இந்தத் துறைக்குத் தலைவரைத் தேடும் குழுவிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன. வருபவரிடம் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, உங்கள் ஊகம் ஒன்றை உங்கள் தரவே உடைத்தது எப்போது, அப்போது என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல யோசிப்பவரைவிட, அப்படி எதுவும் நடந்ததில்லை என்பவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். யாரிடமெல்லாம் பணம் வாங்கியிருக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு அதை வெளியிடுங்கள். அவர் முன்பு வேலைசெய்த இடத்தின் இயக்குநரிடம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், அங்கே படிவம் நிரப்பியவரையும் தரவு உள்ளிட்டவரையும் தேடிப் பேசுங்கள். ஹில் ஒருவரை வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் பார்த்ததுபோல, நேர்காணலுக்கு முன்பு ஒரு முழு நாள் விண்ணப்பதாரரை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பலாம். திரும்பி வந்து அவர் கேட்கும் கேள்விகள் தொலைநோக்கு அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

தனக்கு என்ன சம்பளம், ஆய்வகத்துக்கு எவ்வளவு இடம் என்று வருபவர்கள் பேரம் பேசுவது வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் யாராவது ஒருவர், நான் சேருவதற்கு முன் களப் பணியாளர்களின் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கி ஆணை கொடுங்கள், அதன் பிறகு என் சம்பளத்தைப் பேசலாம் என்று சொன்னால், குழு மற்ற விண்ணப்பங்களை எடுத்துவைத்துவிட்டு அந்த ஆணைக்கு நிதி எங்கிருந்து வரும் என்று அன்றே கணக்குப் போட உட்காரலாம்.